காணாத பொருளா, அறியாத விதியா?

கி.பி. 964-இல் இஸ்பஹான் நகரத்து வானியலறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, தாம் இயற்றிய விண்மீன் நூலில், ஆண்ட்ரோமிடாக் கூட்டத்தில் ஒரு சிறு மேகம் தோன்றுவதாகக் குறித்துவைத்தார். அது மேகமன்று, எண்ணிலா விண்மீன்கள் திரண்ட தனி மண்டலம் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1970-இல் அமெரிக்காவின் வீரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் அதன் சுழற்சியை அளந்து வெளியிட்டபோது புதிரொன்று வலுப்பெற்றது.

நம் ஞாயிற்றைப் புதன் வினாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்ற, தொலைவிலுள்ள நெப்டியூன் 5 கிலோமீட்டரே செல்கிறது. விலக விலக வேகம் குறைவதே நியூட்டன் கண்ட முறை. ஆண்ட்ரோமிடாவின் வெளியோரமோ வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தோடு சுழல்கிறது!

1961-இல் ஓய்ந்த முத்துக்குளிப்பை முதியோர் வாயிலாகக் கேட்டறிந்த தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கல்லின் பாரத்தால் ஒருவர் பாருக்கு இறங்கியபின், தோணியிலிருப்பவர் கையில் எஞ்சுவது கயிறு மட்டுமே. அது எதிர்பாராது இழுபட்டால், கீழே ஏதோ பற்றியிழுக்கலாம். அன்றி, நீரோட்டத்தைப் பற்றி அவர் போட்ட கணக்கே பிழையாகலாம்.

வானியலில் இரண்டுமே முன்னர் நிகழ்ந்துள்ளன. யுரேனஸ் கணக்குக்கு அடங்காது அலைந்தபோது, காணாத கோளொன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே; 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோதும், 1859-இல், அவர் அதே வகை விடையையே கூறினார். அம்முறை எந்தக் கோளும் கிட்டவில்லை. 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பின் விதியையே புதிதாக வகுத்தார். புதனின் கணக்கு நேராயிற்று.

காணாப் பொருள் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்கை. இஸ்ரேலிய அறிஞர் மில்குரோம் 1983-இல் மறுவழி சென்றார். புவியீர்ப்பில் ஏறத்தாழ எட்டாயிரம் கோடியில் ஒரு பங்காக இழுப்பு மெலியுமிடத்து நியூட்டன் விதி மாறும் என்றார். பல மண்டலங்களின் சுழற்சியை இவ்வொரு திருத்தம் வியக்கத்தக்க அளவு சரியாகச் சொல்லிவிடுகிறது.

அதே 1983-இல் நோபல் பரிசு பெற்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பழைய ஆய்வொன்றும் இவ்வழக்கில் சாட்சியாக வருகிறது. பெரும் பொருளொன்று சிறு பொருள்களின் ஊடே செல்லுங்கால் அவற்றின் ஈர்ப்பே அதற்குத் தடையாகும் என 1943-இல் அவர் காட்டியிருந்தார். காணாப் பொருள் அடர்ந்திருப்பின், மண்டலங்களின் நடுவே சுழலும் விண்மீன் பட்டைகள் அத்தடையால் தளர்ந்திருக்க வேண்டும். பல பட்டைகள் விரைந்தே சுழல்கின்றன என்பது மாற்றுக் கொள்கையினரின் வாதம்.

எனினும் மண்டலங்களின் பெருந்தொகுதிகளில் மில்குரோமின் விதியும் தடுமாறுகிறது. அங்கு அவருக்கும் சிறிது காணாப் பொருள் தேவைப்படுகிறது. மோதிக்கொண்ட இரு தொகுதிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான முடிவும், ஈர்ப்பின் மையம் ஒளிரும் வாயுவைவிட்டு விலகியிருப்பதைக் காட்டிற்று. எனவே காணாப் பொருளின் பக்கமே வலுவுள்ளதென நாம் கருதுகிறோம். ஆனால் அப்பொருளை இதுவரை எவரும் கையில் பிடித்திலர். அதைத் தேடவே ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், 2017-இல் நம் நாட்டு அறிஞர்கள் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தனர்.