சிவப்பும் பச்சையும்: முஸ்ஹஃபின் வண்ணங்களும் கண்ணறிவின் வரலாறும்



ஓர் ஆசிரியனின் தவற்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அந்த ஆசிரியன் நான்தான்.

பனமலை வட்டாரத்தில் மக்தப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தஜ்வீத் விதிகளை வண்ணங்களால் காட்டும் முஸ்ஹஃபை வகுப்பில் பயன்படுத்தத் தொடங்கினோம். நீட்டி ஓத வேண்டிய எழுத்து சிவப்பிலும், குன்னா செய்து மூக்கொலியுடன் ஓத வேண்டிய எழுத்து பச்சையிலும் அச்சிடப்பட்டிருந்தன. பிள்ளைகள் விரைவாகக் கற்றனர். ஒரு மாணவன் மட்டும் பின்தங்கினான். மனனத்தில் முதல்வனாக இருந்தவன், “சிவப்பு எழுத்தைக் காட்டு” என்றால் பச்சையைக் காட்டுவான். கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். ஒருநாள் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் எழுந்து நிற்கவும் வைத்தேன்.

அவனுடைய தந்தையை அழைத்துப் பேசியபோது அவர் சொன்னார்: “வீட்டிலும் இப்படித்தான் ஹஜ்ரத். பழுத்த தக்காளியைப் பறித்து வா என்றால் காயையும் சேர்த்துப் பறித்து வருவான். விளையாட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டோம்.”

அந்தச் சொல்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று பரிசோதித்ததில், அவனுக்குப் பிறவியிலேயே சிவப்பு–பச்சை நிறக்குறை இருப்பது தெரிந்தது. அவன் கவனமின்றி இருக்கவில்லை. நான் காட்டிய வேறுபாடு அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பின்னர் இது குறித்துப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் பயனுள்ளவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

வண்ணத்திலிருந்து வடிவத்திற்கு

முஸ்ஹஃபில் வண்ணம் புகுந்தது இன்று நேற்றல்ல. தொடக்க கால அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லை. பஸ்ராவைச் சேர்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ (மறைவு ஹிஜ்ரி 69) உயிரொலிகளைக் காட்டப் புள்ளிகளை வகுத்தார் என்பது மரபு. எழுத்தின் மேலே ஒரு புள்ளி ஃபத்ஹா, கீழே ஒரு புள்ளி கஸ்ரா, பக்கத்தில் ஒரு புள்ளி ளம்மா. மூல எழுத்தோடு கலந்துவிடாதிருக்க அவை வேறு வண்ண மையால் இடப்பட்டன. பின்னாளில் மதீனாவினர் உயிர்க்குறிக்குச் சிவப்பையும் ஹம்ஸாவிற்கு மஞ்சளையும் பயன்படுத்தினர். அந்தலூசியாவில் பச்சையும் சேர்ந்தது. அந்நாட்டின் பேரறிஞர் அபூ அம்ர் அத்தானீ (மறைவு ஹிஜ்ரி 444) இந்த வழக்கங்களைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் வேறொரு வழியைக் கண்டார். புள்ளிகளுக்குப் பதிலாகச் சிறு வடிவங்களை அமைத்தார். சாய்ந்த சிறு கோடு ஃபத்ஹா ஆயிற்று. சிறிய வாவ் ளம்மா ஆயிற்று. ஷீன் எழுத்தின் தலைப்பகுதி ஷத்தா ஆயிற்று. இனி இரண்டு மை தேவையில்லை. ஒரே மையால் அனைத்தையும் எழுதலாம். இன்று நாம் ஓதும் முஸ்ஹஃபின் குறிகள் இந்த வழியில் வந்தவையே.

எங்கள் பனமலைக் குன்றின் மேல் பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய கோயிலின் சுவரில் பழங்கால ஓவியம் ஒன்று சிதைந்த நிலையில் இன்றும் காணப்படுகிறது. கிறிஸ்து சகாப்தம் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. இங்கே ஓர் ஓவியன் சுவரில் வண்ணம் தீட்டிய அதே நூற்றாண்டில், பஸ்ராவில் ஓர் அறிஞர் எழுத்தை வண்ணத்தின் தேவையிலிருந்து விடுவித்தார். நிறக்குறையுடையோரை மனத்தில் வைத்து கலீல் இதைச் செய்தார் என்று நான் கூறவில்லை. எழுதுவோரின் எளிமையே அவர் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும், வடிவத்தால் சொல்லப்பட்ட செய்தி நிறம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒன்றுபோல் சென்று சேர்கிறது. வண்ண முஸ்ஹஃப் என் மாணவனுக்குத் தராத உதவியை, கலீலின் குறிகள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தந்துகொண்டிருக்கின்றன.

கண் மருத்துவர்களின் நூல்கள்

அரபியில் கண் மருத்துவருக்கு “கஹ்ஹால்” என்று பெயர். கண்ணுக்கு இடும் “குஹ்ல்” என்னும் மையிலிருந்து பிறந்த சொல் அது. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கிறிஸ்தவ அறிஞர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்து இயல்கள் கொண்ட நூலை எழுதினார். அடுத்து வந்த அலீ இப்னு ஈஸா, 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் “தத்கிரத்துல் கஹ்ஹாலீன்” என்னும் நூலை இயற்றி, ஏறத்தாழ 130 கண் நோய்களை விளக்கினார். அந்நூலின் முதற்பகுதி கண்ணின் அமைப்பைக் கூறுகிறது. இரண்டாம் பகுதி புலன்களால் அறியத்தக்க நோய்களையும், மூன்றாம் பகுதி வெளியே புலப்படாத நோய்களையும் கூறுகின்றன.

இந்தப் பகுப்பு எனக்குப் பெரும் பாடமாக அமைந்தது. கண் சிவப்பு, பீளை, இமை வீக்கம், கண்புரை ஆகியவற்றை நாம் பார்த்தே அறியலாம். பார்வைக் குறையும் நிறக்குறையும் அப்படியல்ல. நோயாளி தாமாகச் சொல்ல வேண்டும். அல்லது நாம் கேட்டறிய வேண்டும். பிறவியிலேயே உள்ள குறையைப் பிள்ளையால் சொல்ல இயலாது. தான் காண்பதைத்தான் எல்லோரும் காண்கிறார்கள் என்றே அவன் எண்ணியிருப்பான்.

ஏறத்தாழ அதே காலத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (பிறப்பு 965, பஸ்ரா) “கிதாபுல் மனாழிர்” என்னும் ஒளியியல் நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழைய கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நாம் காண்கிறோம் என்று சோதனைகளோடு நிறுவினார். பளிச்சென்ற நிறங்களும் மங்கிய ஒளியில் கருமையாகத் தோன்றுவதை எடுத்துக்காட்டினார். நிறத்தைக் காண்பதில் பொருளோடு ஒளிக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கியது. கண்ணுக்கும் அதில் பங்குண்டு என்பது தெளிவாகப் பல நூற்றாண்டுகள் ஆயின.

குறையைக் கண்டறிந்த கதை

ஜான் டால்டன் அணுக் கொள்கையால் புகழ்பெற்ற இங்கிலாந்து அறிஞர். 1792-இல் அவர் ஒரு மலரைப் பார்த்தார். பகலில் நீலமாகத் தெரிந்த அது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு இரு வேளையும் பெரிய மாற்றம் தெரியவில்லை. தம் சகோதரருக்கு மட்டும் தம்மைப் போலவே தெரிந்தது என்பதை அறிந்து வியந்தார். 1794-இல் மான்செஸ்டர் அறிஞர் அவையில் இதைக் கட்டுரையாகப் படித்தார். தம் கண்ணினுள் உள்ள நீர்மம் நீல நிறமாக இருப்பதே காரணம் என்று கருதி, தாம் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்க்குமாறு கூறிச் சென்றார். 1844-இல் அவர் இறந்தபின் பார்த்தபோது நீர்மம் தெளிவாகவே இருந்தது. அவர் கருத்து தவறு. ஆனால் பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது: விழித்திரையில் பச்சை ஒளியை உணரும் கூம்பு அணுக்களுக்குரிய நிறமி அவருக்கு இல்லை.

1875 நவம்பரில் சுவீடன் நாட்டின் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு இரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தனர். அடையாள விளக்கின் நிறத்தை ஊழியர் பிரித்தறியாததே காரணமாகலாம் என்று கருதினார் உப்சாலா பேராசிரியர் ஹோம்கிரென். அக்கருத்து இன்றும் விவாதத்திற்குரியதே. எனினும், வண்ணக் கம்பளி நூல்களைத் தந்து ஒத்த நிறத்தைப் பொறுக்கச் சொல்லும் அவருடைய சோதனை பல நாடுகளின் இரயில்வேக்களுக்குப் பரவியது. நிறத்தின் பெயரைக் கேட்காமல், பொருத்தச் சொன்னதே அதன் நுட்பம். ஏனெனில், புல் பச்சை, இரத்தம் சிவப்பு என்று பெயர்களை எவரும் மனனம் செய்துவிடலாம். 1917-இல் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வண்ணப் புள்ளிகளுக்குள் எண்களை மறைத்து அட்டைகளை வெளியிட்டார். என் மாணவனுக்கு மருத்துவர் காட்டியதும் அந்த அட்டைகளைத்தான்.

நம் மண்ணிலும் கண் மருத்துவத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தில் கண் நோயாளிகளின் குறிப்புகள் கண்ணின் படங்களோடு எழுதப்பட்டன. அவை சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. 1819-இல் சென்னையில் தொடங்கப்பட்ட கண் மருத்துவ நிலையமே இன்று எழும்பூரில் அரசு கண் மருத்துவமனையாக இயங்குகிறது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று நமக்கு அருகிலுள்ள புதுச்சேரியிலும் பணிசெய்கிறது.

பெற்றோரும் உஸ்தாதுமார்களும் அறிய வேண்டியவை

பிறவி நிறக்குறை பெரும்பாலும் தாயின் வழியாக மகனுக்கு வருகிறது. அதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய்க்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்றில் குறையிருப்பினும் மற்றது ஈடுசெய்கிறது. மகனுக்கு ஒன்றே இருப்பதால் குறை வெளிப்படுகிறது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 100-க்கு 8 பேரிடமும் பெண்களில் 200-க்கு ஒருவரிடமும் இது உள்ளது. ஆசிய மக்களிடையே சற்றுக் குறைவு. இதற்காக எந்தத் தாயையும் பழிக்காதீர்கள். இது அவர் செய்த தவறன்று, அல்லாஹ்வின் நாட்டம். பெரும்பாலோருக்கு முற்றிலும் நிறம் தெரியாமல் போவதுமில்லை; சில நிறங்கள் குழம்புகின்றன, அவ்வளவே. இதைக் குணப்படுத்த மருந்து உண்டென்று விற்பவர்களிடம் ஏமாறவும் வேண்டாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். முன்பு நன்றாகத் தெரிந்த நிறம் இப்போது மங்கினால், அதுவும் ஒரு கண்ணில் மட்டும் மங்கினால், அது பிறவிக் குறையன்று. கண் நரம்பின் நோயாக இருக்கலாம். காசநோய்க்கு எத்தம்பியூட்டால் மாத்திரை உண்போருக்குப் பார்வையோ நிறமோ மாறினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முஸ்ஹஃபை முகத்தருகே வைத்து ஓதும் பிள்ளைக்கும், கரும்பலகையைக் கண் சுருக்கிப் பார்க்கும் பிள்ளைக்கும் கண்ணாடி தேவைப்படலாம். நீரிழிவு உள்ள பெரியவர்கள், பார்வை நன்றாக இருப்பினும், ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

கண்ணாக இருக்கும் சமூகம்

தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஓர் இளைஞருக்கு, நிறக்குறை இருப்பதாகக் கூறி அப்பணி மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 அக்டோபரில் நீதிமன்றம் அவருக்குப் பணி வழங்க ஆணையிட்டது. குறையைக் காட்டி ஒருவரை வெளியே நிறுத்துவதைவிட, அவர் பணியாற்றுவதற்கேற்ற வசதியைச் செய்து தருவது நிறுவனத்தின் கடமை என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இதைப் படித்தபோது நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் நினைவே எனக்கு வந்தது. அவர்கள் பார்வையற்றவர். ஆயினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை முஅத்தினாக வைத்திருந்தார்கள். ஃபஜ்ரு நேரத்தை அவரால் காண இயலாது; விடிந்துவிட்டது என்று மக்கள் சொல்வார்கள்; அதன் பின் அவர் பாங்கு சொல்வார். அவருக்கு இல்லாத கண்ணாக ஊர் இருந்தது. அவரிடமிருந்த குரலை ஊர் இழக்கவில்லை.

இப்போது எங்கள் மக்தபில் தஜ்வீத் பயிற்சித் தாளில் நீட்டலுக்கு அடிக்கோடும் குன்னாவிற்கு வட்டமும் இடுகிறோம். வண்ணத்தையும் விடவில்லை, அதனுடன் வடிவத்தையும் சேர்த்திருக்கிறோம். அந்த மாணவன் இன்று தன்னைவிடச் சிறியவர்களுக்குப் பாடம் கேட்கிறான்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளுள் ஒன்று என்று சூரத்துர் ரூமில் அல்லாஹ் உணர்த்துகிறான். அந்நிறங்களைக் காணும் கண்களிலும் அவன் வேறுபாட்டை வைத்திருக்கிறான். உங்கள் பிள்ளை ஒன்றைத் தவறாகச் சொன்னால், கடிந்துகொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு அது எப்படித் தெரிகிறது?” நான் அதைக் கேட்க மறந்தேன். நீங்கள் மறவாதீர்கள்.

அல்லாஹ் நம் பார்வையிலும் நம் பிள்ளைகளின் பார்வையிலும் பரகத் செய்வானாக. ஆமீன்.