பரண்ல தாத்தாவோட கிராமபோன் இருக்கா? பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

குழாய்க்கு முன்னால ஒரு நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்குமே, அந்த எச்.எம்.வி படம் ஞாபகம் இருக்கா? ஓவியர் பிரான்சிஸ் பராட் முதல்ல வரைஞ்சப்போ அதுல கிராமபோனே கிடையாது. உருளையில பாடுற போனோகிராஃப்தான் இருந்தது. 1899-ல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கினப்போ, அதுக்கு மேலயே தட்டு கிராமபோனை வரைஞ்சு கொடுத்தார். உலகப் புகழ்பெற்ற அந்தப் படமே மாத்தி வரைஞ்சதுன்னா, நம்ம வீட்டுப் பெட்டி மட்டும் மாறாம இருக்குமா?

வேங்கிக்கால்ல பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சு மாடி கட்டுறீங்க. பரண்ல இருந்து சாவி கொடுக்குற பாட்டுப்பெட்டி ஒண்ணு இறங்குதுன்னு வைங்க. மேல பச்சை பெயின்ட், உள்ள யாரோ பொருத்தின கரன்ட் மோட்டார், பக்கத்துல புதுசா ஒரு ஓட்டை. இப்போ என்ன பண்றது?

முதல்ல போட்டோ

எதையும் கழட்டாதீங்க. நாலு பக்கமும், உள்பக்கமும் போனில் படம் எடுங்க. கழட்டுற ஒவ்வொரு திருகையும் பேப்பர் கவர்ல போட்டு, எங்கே இருந்ததுன்னு எழுதி வைங்க. பின்னாடி சேர்த்த பாகமா இருந்தாலும் குப்பையில போடாதீங்க. நாளைக்கு வேற யாராவது பழுது பார்க்கும்போது அதுதான் ஆதாரம்.

ஒரிஜினலா, ஒட்டுப்போட்டதா?

பளபளக்குற பித்தளைக் குழாய், புத்தம்புது நாய் ஸ்டிக்கர், சதுரப் பெட்டி... இப்படிச் சுற்றுலா ஊர்கள்ல விற்கிறதுல பெரும்பாலானவை சமீபத்துல ஒட்டுப்போட்டவை. எச்.எம்.வி 102 மாதிரியான சூட்கேஸ் கிராமபோன்களைப் பிரிச்சு, அந்த மோட்டாரைப் புதுப் பெட்டியில வைப்பாங்க. அசல் 102-க்கு வெளிக்குழாயே கிடையாது. ஒலி பெட்டிக்குள்ள இருந்தே வரும். காரைக்குடி பழைய சாமான் கடைத் தெருவுல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல வாங்கினாலும் சரி, பணம் கொடுக்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்க. பெட்டி பழசு மாதிரி இருந்து திருகு மட்டும் புதுசா மின்னினா, கேள்வி கேளுங்க.

இதை நீங்களே செய்யாதீங்க

ஸ்பிரிங் இருக்கிற டப்பாவைத் திறக்கவே வேண்டாம். உள்ள சுருண்டிருக்கும் எஃகுப் பட்டை சீறி வெளியே வந்தா கையைக் கிழிச்சிடும். ஓடும்போது 'டொம் டொம்'னு குதிச்சா, பெரும்பாலும் பழைய கிரீஸ் இறுகினதுதான் காரணம். அது தெரிஞ்ச மெக்கானிக் வேலை.

ஸ்பிரிட், சானிடைசர் ரெண்டும் பக்கத்துலயே வரக்கூடாது. பழைய 78 தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. ஸ்பிரிட் பட்டா கரையும். பெட்டியோட பழைய பாலிஷும் பல சமயம் அரக்குதான். லேசா ஈரமான துணியில துடைச்சு, உடனே உலர்ந்த துணியால ஒத்தி எடுத்தா போதும்.

நீங்களே செய்யக்கூடியவை

வேகம்: தட்டு ஓரத்துல சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, போன் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டுங்க. 30 விநாடியில 39 சுற்று வந்தா சரி. இல்லைன்னா வேகம் கூட்டிக் குறைக்கிற திருகைக் கொஞ்சமா திருப்பிப் பாருங்க.

ஊசி: எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடினதும் மாத்தணும். தேய்ஞ்ச ஊசி தட்டைச் சுரண்டும். இன்னிக்கு விற்கிற வினைல் தட்டை இதுல வைக்கவே வைக்காதீங்க, ஒரே தடவையில பாழாகிடும்.

கரகர சத்தம்: ஊசியைப் பிடிச்சிருக்கிற வட்டமான சவுண்ட் பாக்ஸுல ரப்பர் வளையம் கல் மாதிரி இறுகியிருக்கும். முழுசா மாத்த வேண்டாம், வளையத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க.

பாடி முடிச்சதும் ஸ்பிரிங்கை முழுசா ஓடவிட்டு எடுத்து வைங்க.

எதை அழிக்கணும், எதை விடணும்?

இதுதான் கஷ்டமான கேள்வி. கரன்ட் மோட்டாரைக் கழட்டி அசல் மோட்டாரைப் பொருத்தலாம். ஆனா, அந்தப் பச்சை பெயின்டை அடிச்சது உங்க தாத்தாவா இருந்தா? மூடியில ஆணியால கீறின பேர் பாட்டியோடதா இருந்தா? சுரண்டி எடுத்துட்டா திரும்ப வராது. கடையில வாங்கின பெட்டின்னா பழைய நிலைக்குக் கொண்டு போங்க. குடும்பப் பெட்டின்னா, பாட்டுக்கு இடைஞ்சலா இருக்கிறதை மட்டும் சரி பண்ணுங்க.

கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் இந்தத் தட்டுகள் வழியாத்தான் வீடு வீடா நுழைஞ்சாங்க. ஏவி.எம். மெய்யப்பனே சினிமாவுக்கு முன்னாடி ரெக்கார்டு வியாபாரம் செய்தவர்தான். அந்தக் காலத்தைக் காதால கேட்டவங்க இன்னும் சில வீடுகள்ல இருக்காங்க. மெக்கானிக்கைத் தேடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய், "இந்தப் பெட்டியை யார் மாத்தினாங்க?"னு கேளுங்க. பதிலைப் போன்ல ரெக்கார்டு பண்ணிக்கோங்க. பெட்டியைப் பத்து வருஷம் கழிச்சுக்கூடச் சரி பண்ணலாம். அந்தப் பதில் அவ்வளவு நாள் காத்திருக்காது.