வழித்துணையும் வாசற்படியும்

பார்வைக் குறையுடைய நபித்தோழர் இருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் ஏறத்தாழ ஒரே வேண்டுகோளை முன்வைத்த இரு நிகழ்ச்சிகள் ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. இருவரும் பெற்ற விடைகள் வேறு வேறானவை. ஆலிம்கள் இவ்விரண்டையும் ஜமாஅத் தொழுகை பற்றிய சட்ட விவாதத்தில் எடுத்தாள்வர். பார்வையற்றோருக்கும் நம் கட்டடங்களுக்கும் நூல்களுக்கும் உள்ள உறவை ஆராய விரும்புவோருக்கும் இவையே தொடக்கமாக அமையத்தக்கவை.

முதலாமவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி). தம் வீடு பள்ளிவாசலிலிருந்து தொலைவில் உள்ளது, அழைத்துச் செல்லப் பொருத்தமான துணை இல்லை, எனவே வீட்டிலேயே தொழுதுகொள்ள அனுமதி உண்டா என்று அவர் கேட்டார். பாங்கின் ஓசை உமக்குக் கேட்கிறதா என்று நபியவர்கள் வினவினார்கள். கேட்கிறது என்றார். அப்படியானால் வந்துவிட வேண்டும் என்பதே விடையாயிற்று. இரண்டாமவர் பத்ரில் பங்குகொண்ட அன்சாரித் தோழர் இத்பான் இப்னு மாலிக் (ரலி). பார்வை மங்கிய நிலையிலும் தம் குலத்தாருக்கு இமாமாக நின்று தொழுவித்து வந்தவர். மழைக்காலத்தில் தம் வீட்டிற்கும் குலத்தாரின் பள்ளிக்கும் இடையிலுள்ள ஓடையில் வெள்ளம் புரண்டோடுவதால் கடக்க இயலவில்லை என்றும், நபியவர்கள் தம் இல்லத்திற்கு வந்து ஓரிடத்தில் தொழுதால் அவ்விடத்தையே தொழுமிடமாக ஆக்கிக்கொள்வதாகவும் அவர் வேண்டினார். மறுநாள் பொழுது ஏறியதும் நபியவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களுடன் வந்து சேர்ந்தார்கள். உட்காருவதற்கு முன்பே, உமது வீட்டில் எவ்விடத்தில் நான் தொழ வேண்டுமென விரும்புகிறீர் என்று கேட்டார்கள். இத்பான் ஒரு மூலையைச் சுட்டினார். அங்கேயே இரண்டு ரக்அத் தொழப்பட்டது.

முதல் நிகழ்ச்சியைக் கடுமையாகவும் இரண்டாவதைச் சலுகையாகவும் கொள்ளும் வழக்கம் உண்டு. இமாம் நவவீ போன்றோர் இதற்குத் தந்த விளக்கம் வேறு. தக்க காரணமுடையவர் ஜமாஅத்திற்கு வராதிருக்கலாம் என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. வீட்டில் தொழுதாலும் ஜமாஅத்தின் முழு நன்மை கிட்டுமா என்பதே இப்னு உம்மி மக்தூமின் கேள்வி என்பர் அவர்கள். சட்டத்தை அவ்வறிஞர்களிடமே விட்டுவிடுவோம். நம் கவனத்திற்குரியது வேறொன்று. துணை வேண்டும் என்பது ஒருவரின் நிலை. பாதை தடைப்பட்டிருக்கிறது என்பது மற்றவரின் நிலை. பாதை தடைப்பட்டபோது மாற்றப்பட்டது மனிதர் அல்லர், இடம். அவ்விடத்தைத் தேர்ந்தவரும் அதனைப் பயன்படுத்தப் போகிறவரே. இன்று ஒரு கட்டடக் கலைஞர் மாற்றுத்திறனாளிகளுக்காக வரைபடம் தீட்டுமுன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி எதுவோ, அது அந்த வீட்டு வாசலில் கேட்கப்பட்டுவிட்டது.

இப்னு உம்மி மக்தூமும் ஒதுக்கி வைக்கப்பட்டவர் அல்லர். குறைஷித் தலைவர்களுடன் உரையாடிக்கொண்டிருந்த வேளையில் அவர் குறுக்கிட்டபோது முகஞ்சுளித்ததைக் குறித்து 'அபஸ' அத்தியாயம் இறங்கியது யாவரும் அறிந்தது. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி, மதீனாவில் பிலால் (ரலி) அவர்களுடன் அவரும் முஅத்தினாக இருந்தார் என்பது. பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார். நோன்பாளிகள் உண்பதை நிறுத்தவேண்டியது இப்னு உம்மி மக்தூமின் பாங்கைக் கேட்டுத்தான். வைகறை வெளுப்பைக் கண்ணால் கண்டு சொல்லவேண்டிய பணி, கண்ணில்லாதவரிடம்! விடிந்துவிட்டது, விடிந்துவிட்டது என்று மக்கள் அவருக்குச் சொல்வர். அதன் பின்னரே அவர் பாங்கு சொல்வார். பணியை இரண்டாகப் பகுத்து, பார்ப்பதைப் பிறரிடமும் பொறுப்பை அவரிடமும் வைத்த ஏற்பாடு இது. நபியவர்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தொழுவிக்கும் பொறுப்பும் பலமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிற்கால ஆட்சியாளர்கள் துணை என்னும் இந்த ஒரு கூற்றை நன்கு பற்றிக்கொண்டனர். உமையாக் கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705-715), தொழுநோயாளிகள் கையேந்தாதிருக்க உதவித்தொகை வழங்கியதையும், நடக்க இயலாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும் பார்வையற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணையையும் அமர்த்தியதையும் வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ஆட்சி 717-720) ஷாம் நாட்டு நகரங்களிலிருந்து பார்வையற்றோர், முடக்குவாதமுற்றோர் ஆகியோரின் பெயர்ப்பட்டியலைத் தருவித்து அவ்வாறே செய்தார் என்று அவரது சரித நூல்கள் கூறுகின்றன. பட்டியல் எடுத்தது அரசு. ஊதியம் தந்தது அரசுக் கருவூலம். அக்காலத்தை எண்ணிப் பார்த்தால் வியப்புக்குரிய செயல்தான். எனினும் தரப்பட்டது ஒரு மனிதனின் கையே. தெருவும் படியும் ஏடும் இருந்தபடியே இருந்தன.

சட்ட நூலாரின் வழக்கொன்று இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. பார்வையற்றவர் ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ செய்தால் அந்த வணிகம் செல்லுமா? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி செல்லாது. கண்ணால் காணாத பொருளை விற்பதே அங்கு கூடாதாகையால் அவர் ஒரு வகீலை நியமிக்க வேண்டும். பார்வை இழக்குமுன் கண்டிருந்த, இயல்பில் மாறாத பொருளுக்கும், வருணனையை மட்டும் கொண்டு நடைபெறும் ஸலம் வணிகத்திற்கும் விலக்குண்டு. ஹனஃபீ மத்ஹபோ வணிகம் செல்லும் என்கிறது. தொட்டு அறியும் பொருளைத் தொடுவதும், முகர்ந்து அறிவதை முகர்வதும், சுவைத்து அறிவதைச் சுவைப்பதும் பார்ப்பதற்கு ஈடாகும். நிலம், வீடு போன்றவற்றிற்கு வருணனை போதும். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமாவின் நிலையும் இதற்கு அணுக்கமானதே. ஏமாற்றப்படாமல் காப்பது ஷாஃபிஈகளின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விரலும் கண்ணைப் போல அறிவின் வாயில்தான் என்று ஒப்புக்கொண்டவர்களே இவ்விடத்தில் மனிதனை நன்கு அறிந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றி வாழ்வோர் இக்கருத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள்வார்களாக. ஊமையரின் புரியத்தக்க சைகையை அவர்தம் பேச்சாகவே கொண்டு திருமணத்தையும் ஒப்பந்தத்தையும் செல்லத்தக்கதாக்கியவர்களும் அதே ஷாஃபிஈகள்தாம்.

விரலைக் கண்ணாக்கிய ஒருவரின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஸஃபத் நகரத்துக் கலீல் இப்னு அய்பக் அஸ்ஸஃபதீ (இறப்பு 1363) பார்வையற்ற பெருமக்களுக்கென்றே 'நக்துல் ஹிம்யான்' என்னும் தனி நூலை இயற்றினார். ஏறத்தாழ 300 பேரின் வரலாறு அதில் உண்டு. அவருள் ஒருவர் பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அலீ அல்ஆமிதீ. இளமையிலேயே பார்வையை இழந்தவர், ஹன்பலீ சட்ட அறிஞர், பன்மொழி அறிந்தவர், கனவு விளக்கம் பற்றி நூல் செய்தவர். அவர் வயிறு வளர்த்தது புத்தக வணிகத்தால். கேட்ட நூலை அடுக்கிலிருந்து தாமே எடுத்து வருவார். அட்டையையும் தாளையும் தடவியே அது எத்தனையாவது தொகுதி, பக்கத்திற்கு எத்தனை வரி என்றெல்லாம் சொல்லிவிடுவார் என்கிறார் ஸஃபதீ. மங்கோலிய மன்னன் காஸான் முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸாவிற்கு வந்தபோது பிரபுக்களை ஒருவர் பின் ஒருவராக முன்னே அனுப்பிச் சோதித்ததாகவும், மன்னன் வந்து கைகொடுத்ததும் ஆமிதீ இனங்கண்டுகொண்டதாகவும் ஒரு கதையும் சொல்லப்படுகிறது. கதை கிடக்கட்டும். அவர் விலையை நினைவில் நிறுத்திய முறைதான் நமக்கு முக்கியம். ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய தாளைச் சுருட்டித் திரித்து, விலையைக் குறிக்கும் அப்ஜத் எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன் மேல் மற்றொரு தாளை ஒட்டிவிடுவார். விலை மறந்தால் மேடிட்ட எழுத்தை விரலால் தடவிப் படித்துக்கொள்வார். பிஸ்மியை 786 என்று எழுதிப் பழகிய நமக்கு அப்ஜத் கணக்கை விளக்க வேண்டுவதில்லை.

லூயி பிரெய்லுக்கு (1809-1852) ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம் ஒருவர் பிரெய்ல் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்று மேடைகளில் முழங்குவோர் உளர். இது மிகையுரை. ஆமிதீ கண்டது விலைக்குறி. ஒரு நூல் முழுவதையும் படிப்பதற்கான எழுத்துமுறை அன்று. அதைவிட வருந்தத்தக்கது, அவரிடமிருந்து அதை எவரும் கற்றதாகச் செய்தி இல்லாமைதான். அவரைப் பெருமைப்படுத்திய நகரத்தில் அவரது உத்தியைப் பத்துப் பார்வையற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் எழவில்லை. எழாததற்குக் காரணமும் உண்டு. நம் கல்வி மரபு செவியையும் நினைவாற்றலையும் நம்பியது. ஆசிரியர் வாய்வழிக் கேட்டு மனனம் செய்வதே உயர்ந்த கல்வியென்று கருதப்பட்ட இடத்தில் பார்வையற்ற மாணவர் எவ்வகையிலும் தாழ்ந்தவர் அல்லர். குர்ஆனை மனனம் செய்யவோ ஹதீஸை அறிவிக்கவோ அவருக்குக் கண் தேவைப்படவில்லை. அபுல் அலா அல்மஅர்ரீ (973-1057) போன்றோர் தோன்ற அதுவே இடந்தந்தது. மரபின் அந்தப் பெருந்தன்மையே, தொட்டுப் படிக்கும் எழுத்தின் தேவையை உணரவிடாமலும் செய்தது. உஸ்மானிய அரண்மனையில் நிலைமை மாறாக இருந்தது. அங்கு செவிப்புலனற்ற பணியாளரின் சைகை மொழி தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டது. செவிப்புலன் உடையோரும், சுல்தான்களுங்கூட அதைக் கற்றனர். கற்பிக்கும் ஏற்பாடு இருந்ததால் அது நிலைத்தது.

கட்டடம் என்று சொல்லத்தக்க சான்று கெய்ரோவில் கிடைக்கிறது. செல்வாக்கு மிக்க படைத்தலைவரான உஸ்மான் கத்குதா 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அஸ்ஹர் பள்ளிவாசலை ஒட்டிப் பார்வையற்ற மாணவர்க்கெனத் தனியிடம் ஒன்றைக் கட்டுவித்தார். 'ஸாவியத்துல் உம்யான்' எனப்பட்டது அது. பளிங்குத் தூண்களும், தொழுமிடமும், ஒளூச் செய்யும் இடமும், மேல்மாடி அறைகளும் கொண்டது. தலைவரும் பார்வையற்றவராகவே இருப்பது வழக்கம். 1836இல் எகிப்தியர் வாழ்வைப் பற்றி நூல் வெளியிட்ட எட்வர்டு லேன், ஏறத்தாழ 300 பேர் அங்கு வக்ஃப் வருவாயால் பராமரிக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். அவர்களை அடங்காதவர்கள் என்றும் குறைகூறுகிறார். பொறுப்பேற்ற அறிஞர் ஒருவர் அவர்கள் அனைவரையும் கசையால் அடிப்பித்தாராம். அவர்கள் ஒன்றுதிரண்டு அவரையே கட்டிவைத்து அதைவிடக் கடுமையாக அடித்துப் பதவியிலிருந்து விலக வைத்தனராம்! லேன் இதை ஒழுங்கீனமாகக் கண்டார். வக்ஃபின் பயன் தமக்குரிய உரிமை, எவரோ இடும் பிச்சையன்று என்று அறிந்திருந்தவர்களின் செயலாகவும் இதனைக் காணலாம். பார்வையுடையோர் மினாராவில் ஏறினால் அண்டை வீடுகளின் மாடிகள் கண்ணில் படும் என்பதால், பார்வையற்றோரையே முஅத்தினாக அமர்த்த விரும்பிய வழக்கமும் அந்நகரில் இருந்தது. மினாராவின் படிகள் அவர்களுக்கு எளிதாக இருந்தன என்று இதனால் கொள்ளல் ஆகாது.

அதே அஸ்ஹருக்கு 1902இல் வந்து சேர்ந்தவர் தாஹா ஹுஸைன் (1889-1973). தேர்வு நடத்திய ஆசிரியர் தம்மைப் பெயரால் அன்றித் தம் குறையால் விளித்ததை அவர் 'அல்அய்யாம்' என்னும் தன்வரலாற்றில் மறவாமல் எழுதினார். அரபியர் பார்வையற்றவரைப் 'பஸீர்', அதாவது பார்வையுடையவர், என்று அழைப்பதுண்டு. நம் இலக்கணத்தார் மங்கலம் என்று வகுத்த வழக்கைப் போன்றது அது. தமிழகத்தில் 2010 முதல் அரசு வழக்காகிவிட்ட மாற்றுத்திறனாளி என்னும் சொல்லும் அவ்வழியில் வந்ததே. சொல் மாறியது நன்று. தாஹா ஹுஸைனின் வாழ்வை மாற்றியதோ, அவருக்குப் படித்துக்காட்டியவர்களின் குரல். 1914இல் அல்மஅர்ரீயைப் பற்றிய ஆய்வுக்குக் கெய்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார்; 1950இல் எகிப்தின் கல்வி அமைச்சரானார். இத்தனை உயர்ந்தும் அவர் படித்தது பெரும்பாலும் பிறர் கண்களால்தான். அக்குரல் கிடைக்காத ஏழை மாணவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

பிரெய்ல் அரபியையும் வந்தடைந்தது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபி, பிரெய்லில் இடமிருந்து வலமாகவே எழுதப்படுகிறது. பிரெய்ல் குர்ஆனுக்கு முஸ்ஹஃபுக்குரிய சட்டம் பொருந்துமா, ஒளூவின்றித் தொடலாமா என்று ஆலிம்கள் விவாதித்தனர். இருவகைத் தீர்ப்பும் உண்டு. விரலால் மட்டுமே ஓத இயன்றவருக்குத் தொடுதலே ஓதுதல் என்பதை அவ்விவாதம் நினைவில் கொள்ள வேண்டும். அச்சிட்ட நூல்களைப் பார்வையற்றோர் பயன்படுத்தும் வடிவில் மாற்றுவதற்குப் பதிப்புரிமை தடையாகாதவாறு செய்த பன்னாட்டு உடன்படிக்கை 2013 ஜூனில் கையெழுத்தானது மொரோக்கோவின் மர்ராகிஷ் நகரில். அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா (2014). இன்று திரைவாசிப்பு மென்பொருள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆயினும் படமாக மட்டும் வருடி வைக்கப்பட்ட பழைய இஸ்லாமியத் தமிழ் நூல்களையும் அரபுத் தமிழ் ஏடுகளையும் அதனால் நேரே படிக்க இயலாது. எழுத்துருவில் மாற்றிப் பிழைதிருத்தி வைக்க ஆள் வேண்டும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. நோயுற்றிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்களை வாகனத்தில் அமர்ந்தபடியே, மக்களுக்குப் பின்னால் தவாஃப் செய்யும்படி நபியவர்கள் பணித்தார்கள். மக்காவின் விரிவாக்கப் பணி நடந்தபோது, சக்கர நாற்காலியினருக்காக 2013இல் மதாஃபின் மேல் வட்ட வடிவத் தற்காலிகப் பாலம் அமைக்கப்பட்டு 2016இல் அகற்றப்பட்டது. ஸஃபா மர்வாவிற்கு இடையே நடுவில் அவர்களுக்கென்று தனித்தடமே உண்டு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் சமயப் பணிக்கான கட்டடங்களையும் சேர்த்துள்ளது. விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. பழைய கட்டடங்களைச் சீர்செய்யத் தரப்பட்ட ஐந்தாண்டு 2022இல் முடிந்துவிட்டது. ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்திற்குரிய பொதுவான அளவு. மூன்றடி மேடையில் நிற்கும் பள்ளிக்கு 36 அடி வேண்டும். நடுவே ஒரு திருப்பம் வைத்தால் பெரும்பாலான முன்முற்றங்களில் அடங்கிவிடும். முழங்கால் வலியுள்ள முதியோருக்காகத் தொழுகை வரிசைகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்துவிட்டன. அவர்கள் ஏறிவரும் வாசற்படியும், இறங்கி ஒளூச் செய்யும் ஹவ்ழின் வழுக்குப் படியும் பல ஊர்களில் பழைய அளவிலேயே இருக்கின்றன.