பம்பாயில் ஒரு யூதப் பள்ளி

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறும் மக்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் எழுப்புவது ஒரு வழிபாட்டு இடம். அதற்கு அடுத்தபடியாக எழுப்புவது ஒரு பள்ளிக்கூடம். இதற்குச் சான்று தேடித் தமிழர் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. பம்பாய் மாதுங்காவில் 1932இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நம்மில் அறியாதார் இல்லை. கோயில் பெரியவர்களின் மனத்துக்கு ஆறுதல் தருவது. பள்ளியோ பிள்ளைகளைப் பற்றிய கவலையிலே பிறப்பது. வந்த ஊரில் பிள்ளைகள் முன்னேறவேண்டும். ஆனால் தாங்கள் யார் என்பதை மறந்துவிடலாகாது. இவ்விரண்டு ஆசைகளையும் ஒரே கூரையின்கீழ் நிறைவேற்ற முடியுமா? அதே பம்பாயில், மாதுங்காவுக்குச் சில மைல் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிய மஜ்காவ் பகுதியில், இக்கேள்விக்கு விடை சொல்லும் பள்ளி ஒன்று உண்டு. அது பெனே இஸ்ரேல் என்னும் யூத சமூகத்தார் தம் குழந்தைகளுக்காகத் தோற்றுவித்த பள்ளி.

பெனே இஸ்ரேல் என்பதற்கு 'இஸ்ரேலின் மக்கள்' என்பது பொருள். பம்பாய்க்குத் தெற்கே, அலிபாகை அடுத்த நவ்காவ் கடற்கரையில், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு மரக்கலம் உடைந்ததென்றும், அதில் உயிர் தப்பிய ஏழு தம்பதிகளே தங்கள் மூதாதையர் என்றும் அவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கொங்கணக் கிராமங்களில் அவர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்துப் பிழைத்தனர். பேச்சு மராட்டி; உடையும் அவ்வூர் உடையே. ஆயினும் வாரத்தில் ஒருநாள் அவர்களுடைய செக்கு ஓடாது. சனிக்கிழமை தொழில் செய்யலாகாது என்ற யூத விதியை, வேதநூலே கையில் இல்லாத காலத்திலும் அவர்கள் விடாது காத்தனர். அதனால் ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்று அழைக்கலாயினர். இருந்த ஊரையே அவர்கள் தம் குடும்பப் பெயராகக் கொண்டனர். கிஹீம் ஊரார் கெஹிம்கர். பேண் ஊரார் பேண்கர். சேவுல் ஊரார் சேவுல்கர். 1954இல் வெளிவந்த 'பூட் பாலிஷ்' என்னும் இந்திப் படத்தில் நடித்துப் புகழ்பெற்ற டேவிட் என்னும் நடிகரின் முழுப்பெயர் டேவிட் ஆபிரகாம் சேவுல்கர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இம்மக்கள் யூதரே என்று வெளியுலகம் கண்டறிந்த விதத்தைப்பற்றி ஒரு மரபுக்கதை வழங்குகிறது. தாவீது ரஹாபி என்னும் யூதர் ஒருவர் இவர்களுடைய வீட்டுக்கு வந்து, பலவகை மீன்களைக் கலந்து கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் செதிளும் துடுப்பும் உள்ள மீன்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தாங்கள் உண்பதில்லை என்று ஒதுக்கி வைத்தனராம். யூதருடைய உணவு விதியும் அதுவே. கதை எவ்வாறாயினும், அதன் உட்பொருள் நோக்கத்தக்கது: ஏடு காக்காததை அடுக்களை காத்து நின்றது. ஆனால் அடுக்களை காத்ததை எழுத்தறிவாக மாற்றுவதற்கு ஆசிரியர் வேண்டுமல்லவா? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் வந்து வழிபாட்டு முறைகளைக் கற்பித்தனர். அதே காலத்தில் அமெரிக்க, ஸ்காட்லாந்துப் பாதிரிமார் நடத்திய பள்ளிகளில் இச்சமூகத்துப் பிள்ளைகள் மராட்டியும் ஆங்கிலமும் பயின்றனர். தம் முன்னோரின் எபிரேய மொழியையுங்கூட அங்கேதான் பலர் இலக்கணமாகக் கற்றனர்.

இதற்குள் சமூகத்தின் பெரும்பகுதி செக்கை விட்டுப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பட்டாளத்தில் பலர் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான சாமுவேல் எசக்கியேல் திவேகர், மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மீண்டவர் என்பர். அவர் 1796இல் மாண்ட்வி பகுதியில் முதல் யூத ஜெபாலயத்தைக் கட்டினார். பட்டாளத்துக்குப்பின் ரயில்வே, தபால், அரசாங்கக் கச்சேரிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் வேலைகள் வந்தன. இவை அனைத்துக்கும் ஆங்கிலப் படிப்பு வேண்டியிருந்தது. ஜெபாலயம் அமைந்துவிட்டது, இனிப் பள்ளி அமையவேண்டும்.

அதை அமைத்தவர் ஹயீம் சாமுவேல் கெஹிம்கர். இவர் தம் சமூகத்தின் முதல் பெரிய வரலாற்று நூலை 1897இல் எழுதி முடித்தவர். அந்நூல் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1937இல்தான் டெல் அவீவில் அச்சேறியது. 1875இல் பெனே இஸ்ரேல் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய இஸ்ரேலியப் பள்ளி, லண்டனில் 1871இல் நிறுவப்பெற்ற ஆங்கிலோ-யூதச் சங்கத்தின் பொருளுதவியும் பெற்று, நாளடைவில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. ஆங்கிலமும் மராட்டியும் எபிரேயமும் அங்கே ஒருங்கே இடம்பெற்றன. ஆங்கிலம் வயிற்றுக்கு, மராட்டி வீட்டுக்கு, எபிரேயம் வழிபாட்டுக்கு. பிற பள்ளியில் படிக்கும் யூதப் பிள்ளை சனிக்கிழமைதோறும் ஒரு தர்மசங்கடத்துக்கு உள்ளாக நேரும்: வகுப்புக்குச் சென்றால் வீட்டின் விதி கெடும், செல்லாவிடில் பாடம் கெடும். அந்தச் சங்கடத்தினின்றும் பிள்ளையை விடுவிப்பதே இத்தகைய பள்ளியின் முதற்பயன் எனலாம்.

அக்காலத்து மாணாக்கரின் பிரயாணத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கொங்கணத்துக்கு அன்று ரயில் இல்லை; கொங்கண ரயில்பாதை முழுவதும் திறக்கப்பெற்றது 1998இல்தான். கடலே வழி. ரேவாஸ், தரம்தர் ஆகிய துறைகளிலிருந்து வரும் படகுகள் பம்பாயில் கரைசேரும் இடம் பாவுச்சா தக்கா என்னும் படகுத்துறை. அது மஜ்காவை ஒட்டியே இருக்கிறது. தெற்கே முருட், ஸ்ரீவர்த்தன் பக்கத்துக் கரையோரக் கப்பல்களோ மழைக்காலத்தில் நின்றுவிடும். கிராமத்தில் தொடக்கப் படிப்பு முடிந்த பிள்ளை, ஒரு துணிமூட்டையுடன் படகேறி வந்து, நகரத்து உறவினர் வீட்டில் ஓர் மூலையில் தங்கிப் படிக்கவேண்டியதாயிற்று. தந்தையின் உத்தியோகம் அகமதாபாத்துக்கோ அஜ்மீருக்கோ கராச்சிக்கோ மாற்றலாகும்போது, படிப்புக் கெடலாகாதென்று பிள்ளையைப் பம்பாயிலே விட்டுச் செல்வதும் உண்டு. ரயில்வே உத்தியோகத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அனுபவத்தை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வாறு சிதறி வாழும் குடும்பங்களுக்குப் பள்ளியும் ஜெபாலயமும் சேர்ந்தே ஊராக விளங்கின. திருநாள்களின் பெயரிலேயே அம்மக்களின் இருவகை வேர்களும் தெரியும். யூதப் புத்தாண்டு நம் புரட்டாசி மாதத்தை ஒட்டி வரும். அதனை அவர்கள் மராட்டியில் 'நவ்யாச்சா சண்', புதியதன் பண்டிகை, என்றனர். பாவமன்னிப்பு வேண்டி உபவாசம் இருக்கும் புனித நாளுக்கு அவர்கள் இட்ட பெயர் கதவடைப்புப் பண்டிகை. பாயசத்துக்கென்றே 'கீரிச்சா சண்' என்று ஒரு பண்டிகை உண்டு. நன்றி செலுத்தும் வேளையில் எலியா தீர்க்கதரிசியை நினைந்து, அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்து பழங்களுடன் படைத்து உண்பர். அதற்கு மலீதா என்று பெயர். 1880 முதல் பம்பாயில் விவிலியக் கதைகளை மராட்டியக் கீர்த்தன முறையில் பாடிச் சொல்லும் வழக்கமும் ஏற்பட்டது. தஞ்சையில் மராட்டியர் ஆட்சியின் வழியே வந்த கீர்த்தன மரபு நம் கதாகாலட்சேபத்துக்கு உரமிட்டதை அறிந்தவர்களுக்கு, ஆபிரகாமின் கதையும் மோசேயின் கதையும் அதே தாளக்கட்டில் ஒலித்தன என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

1922 முதல் 1950 வரை இப்பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்தவர் ரெபேக்கா ரூபன் அம்மையார். அதே சமூகத்திற் பிறந்து, இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்று லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பியவர். பெண்கள் உயர்கல்விக்குச் செல்வதே அரிதாயிருந்த காலத்தில், கடல் கடந்து கற்றதைத் தம் சமூகத்துப் பிள்ளைகளுக்கே கொண்டுவந்து கொடுத்த அவருடைய பணி பெரிது. பாக்தாத்தில் பிறந்து ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் பெரும்பொருள் ஈட்டிய சர் எல்லி கதூரி என்னும் யூத வணிகரின் கொடையால் பள்ளி புதுவலிமை பெற்றது. சர் எல்லி கதூரி பள்ளி என்ற பெயரும் அதனால் வந்ததே. இக்கொடைக்குத் தனிச் சிறப்பு உண்டு. பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்த செல்வந்தரான யூதருட் பலர், மராட்டி பேசும் பெனே இஸ்ரேல் மக்களைத் தமக்குச் சமமாக மதிக்கவில்லை. இரு பிரிவாரும் தனித்தனி ஜெபாலயங்களில் வழிபட்டனர். அவ்வேற்றுமைச் சுவரில் இப்பள்ளி ஒரு வாயிலைத் திறந்தது.

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் இருந்த யூதர் 25,000க்கு மேற்பட்டவர். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. இடையில் நிகழ்ந்தது மற்றொரு பெரும் பிரயாணம். 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியதும் குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர். இந்தியாவில் அவர்களை யாரும் விரட்டவில்லை. யூதரை வெறுக்காத நாடு என்று இந்தியாவை அவர்கள் இன்றும் நன்றியோடு கூறுகின்றனர். எபிரேயப் பாடத்திலும் ஜெபத்திலும் நாள்தோறும் உச்சரித்த ஊர்ப்பெயர்கள் அவர்களை அழைத்தன. சென்ற இடத்தில் வரவேற்பு எப்போதும் இனிதாக அமையவில்லை. சிலர் மனங்கசந்து போராடி 1952இல் இந்தியாவுக்கே திரும்பினர். அவர்களிற் பலர் பின்னர் மறுபடியும் இஸ்ரேல் சென்றனர். 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டு மதத்தலைவர்கள் பெனே இஸ்ரேல் மக்களின் யூதத்தன்மையையே ஐயுற்று, திருமணங்களுக்குத் தடை விதித்தனர். சனிக்கிழமைச் செக்கை நிறுத்தி வைத்த மரபினருக்கு இதைவிடப் பெரிய புண் உண்டோ? அவர்கள் அறப்போர் நடத்தினர். 1964இல் இஸ்ரேல் அரசு, அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று உறுதிகூறியது.

மஜ்காவ் பள்ளியின் வகுப்பறைகளில் யூதப் பிள்ளைகள் ஆண்டுதோறும் குறைந்தனர். பள்ளியோ மூடப்படவில்லை. அக்கம்பக்கத்து முஸ்லிம், இந்துக் குழந்தைகள் அவ்விருக்கைகளை நிரப்பினர். கல்கத்தாவில் 1881இல் நிறுவப்பெற்ற யூதப் பெண்கள் பள்ளியின் வரலாறும் இதுவே. அங்கே பயிலும் மாணவியரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஒரு சமூகம் தனக்கென்று ஏற்றிய விளக்கு, அச்சமூகம் புறப்பட்டுப்போன பின்னும் அண்டை வீட்டாருக்கு ஒளி தருகிறது.

இங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. கொங்கணத்தில் இருந்தவரை அவர்கள் ஏங்கிக் கற்றது எபிரேயம்; மராட்டியைக் கற்க எவரும் ஏங்கவில்லை, அது காற்றைப்போல் எங்கும் இருந்தது. இஸ்ரேல் சென்றபின் எபிரேயம் கடைத்தெரு மொழியாயிற்று. ஏங்கத்தக்க மொழியாக மராட்டி மாறிற்று. அங்கே அவர்கள் மராட்டியில் நடத்தும் ஏட்டுக்கு 'மாய்போலி' என்று பெயரிட்டனர். தாய்மொழி என்பதே அதன் பொருள். மலீதாவுக்கு அவல் தேடினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விமானமேறி வந்து, நவ்காவ் கரையில் மூதாதையரின் நினைவிடத்தைக் காண்கின்றனர். பாட்டனார் படகில் வந்து படித்த நகரத்துக்குப் பேரன் யாத்திரிகனாக வருகிறான்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பிள்ளைகள் எந்த ஊருக்குப் பறப்பார்கள் என்பதை எந்தப் பள்ளியாலும் தீர்மானிக்க முடியாது. நன்றாகக் கற்பிக்கும் பள்ளி, அவர்கள் நெடுந்தூரம் பறப்பதற்கே துணைசெய்யும். எனவே, பிள்ளைகள் நம்மோடு தங்கினார்களா என்பதைக்கொண்டு நம் பள்ளிகளை அளத்தல் தகாது. சென்ற இடத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பதே அளவுகோல். கெஹிம்கரின் பள்ளி எபிரேயத்தை முயன்று கற்பித்தது. மராட்டியை இயல்பாக வாழவிட்டது. இரண்டும் கடல் கடந்து சென்றன. நம் குழந்தைகள் வங்கத்திலோ மராட்டியத்திலோ தில்லியிலோ வளரும்போது, அவ்வூர் மொழியை அவர்கள் தம்முடையதாகவே கொள்ளட்டும்; வீட்டில் தமிழும் தடையின்றிப் புழங்கட்டும். நாளை அவர்கள் எங்குச் சென்றாலும், இரண்டுக்காகவும் ஏங்கத் தெரிந்தவர்களாக இருப்பார்களாயின், பள்ளி தன் கடமையைச் செய்ததென்றே கொள்ளலாம்.