கடைசியில் வந்தவருக்கு முதல் கூலி

ஒரகடம் சாலையில் ஓடும் லாரிகளில் பல, கடனில் வாங்கியவை. ஆர்.சி.யிலேயே ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். அப்படியொரு லாரி இன்ஜின் வேலை முடிந்து குன்றத்தூர்ப் பட்டறையில் நின்றால், "பில்லைக் கட்டிட்டு வண்டியை எடுங்க" என்பார் மெக்கானிக். லட்சக்கணக்கில் கொடுத்தவர் காத்திருக்க, நேற்று ஸ்பானர் பிடித்தவர் சாவியைத் தர மறுப்பதா? இந்தப் பிடிவாதத்துக்கு வயது சுமார் 1,800.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் முசிறித் துறைமுக வணிகத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் பாப்பிரஸ் தாளாக இருக்கிறது. ஈடு, சரக்கேதான். சடாமாஞ்சிலும் தந்தமும் துணியும் செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகமேறி, நைல் நதிப் படகேறி, அலெக்சாந்திரியா கிடங்குக்குப் போக வேண்டும். கடன் கொடுத்தவர் ஒருவர், வழியில் கூலி கேட்பவர்கள் எத்தனை பேரோ! அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானியச் சட்ட அறிஞர் உல்பியன் வரிசையை மாற்றினார். கிடங்கு வாடகையும் சுமைக்கூலியும் வரவேண்டியவர் பிந்தி வந்தாலும் முந்துவார். அவர் இல்லையென்றால் ஈட்டுப் பொருளே மிஞ்சாதே.

இங்கிலாந்தில் இந்தக் கதைக்குத் திருடர்களும் குதிரைகளும் உதவினார்கள். திருட்டுச் சரக்கைத் தெரியாமல் ஏற்றிய எக்ஸிடர் வண்டிக்காரர், உண்மையான உரிமையாளரிடமே கூலி வாங்காமல் சரக்கைத் தர வேண்டியதில்லை என்ற வழக்கை 1703இல் நீதிபதி ஹோல்ட் எடுத்துக்காட்டினார். 1838இல், பொலிகுதிரைக் கட்டணம் பாக்கி என்று பெட்டைக்குதிரையைப் பிடித்துவைத்த பண்ணைக்காரர் வென்றார். சேர்க்கை நடந்தது ஞாயிற்றுக்கிழமை, அது புனித நாள் என்ற வாதமும் எடுபடவில்லை. 1861இல் வங்கிகளுக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்தது: அடமானக் கப்பலைப் பழுதுபார்த்தவருக்கே முன்னுரிமை. கப்பலை ஓட்டச் சொன்னால் பழுதுபார்க்கவும் சொன்னதாகத்தானே அர்த்தம்?

1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவாக இந்தப் பற்றுரிமை இங்கே வந்து சேர்ந்தது: பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். வங்கிகளுக்குக் கைப்பற்றும் வேகத்தைத் தந்த 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம்கூட, இந்தப் பற்றுரிமைக்குத் தன் விதிகள் பொருந்தாது என்று 31ஆம் பிரிவில் ஒதுங்கிக்கொள்கிறது.

ஆனால் 170ஆம் பிரிவின் உதாரணத்தில் ஒரு தையற்காரர் வருகிறார். கோட்டைத் தைத்து முடித்ததும் தந்துவிடுகிறேன், பணத்தை மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால், அதைப் பிடித்துவைக்க முடியாது. ஒரகடம் வட்டாரத் தொழிற்பேட்டைகளின் ஜாப் ஒர்க் பட்டறைகளைத்தான் இது நேராகத் தொடுகிறது. அங்கே பாகங்கள் உடனுக்குடன் லாரி ஏறிவிடுகின்றன, பில்லோ தவணையில். சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லலாம். பொருள் கைமாறிய பிறகு, பட்டறைக்காரரும் வரிசையில் நிற்கும் இன்னொரு கடன்காரர்தான்.