புண்ணுக்குக் காவல்

போன வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். பத்து நாள் கழித்து சென்னீர்குப்பம் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அன்று இரவு கட்டிலுக்கு அடியில் எதையோ தேடினால், தலைமாட்டில் பழைய அரிவாள்மனை. ஜன்னலில் வேப்பிலைக் கொத்து. “இரும்பு இருந்தா ஒண்ணும் அண்டாதுடா, நீ பேசாம படு” என்றாள் அம்மா. பகலெல்லாம் சர்வர் லாக் படிக்கிற எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்கம் வரவில்லை.

இரவில் போனில் புறநானூறு புரட்டினேன். 281ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒருவன். வீட்டில் இரவ இலையும் வேம்பும் செருகுகிறார்கள், யாழ் வாசிக்கிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், ஆம்பல் குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், நறும்புகை போடுகிறார்கள். புண்ணை மோந்து வரும் பேயைத் தள்ளிவைக்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்கிறார்கள் உரைகாரர்கள். சங்கப் பாடல்களின் பேய்கள் போர்க்களத்தில் ரத்தமும் நிணமும் தேடி அலைபவை. நம்ம ஊர் டிராகுலா என்று சொல்லிவிடலாம்தான்.

ஆனால் ஐரோப்பிய ரத்தக்காட்டேரி வேற ஆள். அது நேற்றுவரை பக்கத்து வீட்டில் இருந்தவரின் பிணம். இத்தாலியின் லுக்னானோவில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றில் பத்து வயதுக் குழந்தையின் வாயில் கல் இருந்தது. மலேரியா அந்தப் பகுதியை உலுக்கிய காலம். போலந்தின் டிராவ்ஸ்கோவில் 17, 18ஆம் நூற்றாண்டுப் பிணங்கள் சிலவற்றின் கழுத்திலும் வயிற்றிலும் அரிவாள் வைத்துப் புதைத்திருந்தார்கள். 285 பேரில் ஆறு பேருக்கு மட்டும் இப்படி விசேஷக் கவனிப்பு. வந்தேறிகளாக இருக்கும் என்று நினைத்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு பல்லின் ஸ்ட்ரான்சியத்தைப் பார்த்து, எல்லாரும் உள்ளூர்க்காரர்கள் என்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்த வரி அதுதான். தெரிந்தவர் கழுத்தில்தான் அரிவாள்.

இங்கேயும் கல்லறையில் இரும்பு உண்டு. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூர்த் தாழிகளைத் தோண்டியபோது வாள், ஈட்டி, பொன் நெற்றிப்பட்டம் எல்லாம் கிடைத்தன. யாரையும் அமுக்கிவைக்க வைத்தவை அல்ல அவை, செத்தவருக்குக் கொடுத்தனுப்பியவை. பூந்தமல்லிக்குத் தெற்கே குன்றத்தூர்ப் பக்கத்துப் பெருங்கற்கால வட்டங்களைப் பார்த்தால் கல்லை ஏன் மேலே ஏற்றினார்கள் என்று கேட்கத் தோன்றும். பயம் என்று உடனே எழுதிவிட எனக்கு மனசில்லை. மரியாதைக்கும் கல் வேண்டும், நரிக்கும் கல் வேண்டும்.

செத்தவர் திரும்பி வரும் கதை நமக்கு இல்லாமலில்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத திருவாலங்காட்டுப் பழையனூர் நீலியின் கதை அதுதானே. தன்னைக் கொன்ற கணவனை நெருங்க அவளை விடாதது அவன் கையிலிருந்த வாள். ஊர்ப் பெரியவர்கள் அவளை நம்பி வாளை வாங்கிவைத்தார்கள், அவன் செத்தான். வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் தீயில் இறங்கினார்கள். பேய் வந்தது நியாயம் கேட்டு.

தொல்காப்பியம் இதற்கெல்லாம் பெயரே வைத்திருக்கிறது. புண்பட்ட கணவனைப் பேய் தொடாமல் மனைவி காப்பது தொடாக்காஞ்சி. காக்கச் சுற்றமே இல்லாதவனை? அவனைப் பேயே காக்கும், அதுவும் ஒரு துறை. ரத்தம் குடிக்கும் என்று பயந்த அதே பேய், ஆளில்லாதவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில், யாருமே வந்து பார்க்காத ஒரு பெரியவர் இருந்தார். அவர் ஞாபகம் வந்தது.

அப்பாவுக்குத் தையல் பிரித்த அன்று, அம்மா அரிவாள்மனையைக் கழுவிச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். மதியம் வாழைக்காய் பொரியல்.