தந்தியும் வதந்தியும்

பூகம்பம் நேர்ந்தால் வீடுகள் இடியும், உயிர்கள் மாளும் என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் ஒரு நகரத்திற்கு நரம்பு போன்றுள்ள தந்தி, தொலைபேசி, மின்சாரம், குழாய்த் தண்ணீர் ஆகியவை அறுந்தபின் மக்கள் படும் பாட்டைச் சிந்திப்போர் சிலரே. இவ்விஷயத்தில் ஜப்பானியச் சரித்திரம் புகட்டும் பாடத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், டோக்கியோவும் யோகொஹாமாவும் அமைந்துள்ள காண்டோ பிரதேசம் குலுங்கிற்று. மதிய உணவுக்காக மூட்டிய அடுப்புகளினின்று மரவீடுகளில் தீப் பற்றியது. தண்ணீர்க் குழாய்கள் உடைந்தமையால் தீயணைப்போர் கையற்று நின்றனர். 3-ஆம் தேதி வரை தீ எரிந்தது. மாண்டோர் ஏறக்குறைய 1,05,000 பேர். அவர்களிற் பெரும்பாலோர் தீக்கு இரையானவர்களே.

தந்திக் கம்பிகள் அறுந்தன. தொலைபேசி நிலையங்கள் எரிந்தன. நாளிதழ் அச்சகங்களில் மிகப் பல சாம்பலாயின. வானொலி ஒலிபரப்போ அந்நாட்டில் அப்பொழுது தோன்றியிருக்கவில்லை. யோகொஹாமாத் துறைமுகத்தில் நின்ற ‘கொரியா மாரு’ என்னும் கப்பலின் கம்பியில்லாத் தந்தியே அந்நகரின் அழிவை வெளியுலகிற்கு உரைத்தது. வடக்கேயிருந்த இவாகி நிலையத்தார் செய்தியைப் பெற்று, பசிபிக் கடலுக்கு அப்பால் அமெரிக்காவுக்கு அனுப்பினர். உலகம் உதவிக்கு எழுந்தது.

அமெரிக்கா அறிந்ததைத் தலைநகரத்து மக்கள் அறியவில்லை. அடுத்த தெருவின் நிலையே அவர்களுக்குத் தெரியாது. தந்தி நின்ற இடத்தில் வதந்தி நடந்தது. கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. யார் இந்தக் கொரியர்? 1910 முதல் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்ட தாய்நாட்டை விட்டு, கூலி வேலை தேடிக் கடல் கடந்து வந்த ஏழைகள்! ஊர்க்காவற் கூட்டத்தார் தடியும் வாளும் ஏந்தி வழிமறித்தனர். ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்பதை ஜப்பானிய மொழியிற் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்புப் பிசகியவர்களைக் கொன்றார்கள். இவ்வாறு மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர் என்பர் ஆராய்ந்தோர். சீனரும், வெளியூர்ப் பேச்சுடைய ஜப்பானியருங்கூடத் தப்பவில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. செப்டம்பர் 3-ஆம் தேதி, உள்நாட்டு இலாகாவின் போலீஸ் தலைமையதிகாரி பெயரால், ஃபுனபாஷி கடற்படை நிலையத்தினின்று மாகாண அதிகாரிகளுக்குக் கம்பியில்லாத் தந்தி சென்றது. கொரியர்கள் தீ வைப்பதாகவே அதுவும் கூறிற்று! 5-ஆம் தேதி பிரதம மந்திரி யாமமோட்டோ, கொரியரைத் துன்புறுத்தல் தகாதென அறிக்கை விடுத்தார். மாண்டவர் மீண்டாரில்லை. பிழைத்து நின்ற நிலையமே பொய்யைச் சுமந்ததெனின், கருவி மட்டும் பிழைத்துப் பயன் என்ன?

1925 மார்ச் 22-ஆம் தேதி டோக்கியோவில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. பூகம்பத்தின் நினைவு அதனை விரைவுபடுத்திய காரணங்களுள் ஒன்றாம்.

பின்னர் 1995 ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரம் குலுங்கி, 6,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மின்சாரம் ஒரு வாரத்திற்குள் மீண்டது. தண்ணீரும் எரிவாயுவும் முழுதும் மீள ஏறக்குறைய மூன்று மாதமாயிற்று. மேலே செல்லும் கம்பியை விரைவிற் கட்டலாம். மண்ணுக்குள் உடைந்த குழாயைத் தோண்டியன்றோ தேடவேண்டும்! அறுபடாத தொலைபேசிக் கம்பிகளும், எல்லோரும் ஒருங்கே அழைத்தமையால் அடைபட்டன. எனவே 1998-ல், 171 என்னும் எண்ணில் ஒருவர் தம் குரலைப் பதிந்து வைக்க, உறவினர் பின்னர் கேட்டறியும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இவற்றினும் நாம் போற்றுவது வேறொன்று. கோபேயின் நகாதா பகுதியில் ரப்பர்ச் செருப்புத் தொழிற்சாலைகளை ஒட்டிக் கொரியரும் வியட்நாமியரும் மிகுதியாக வாழ்ந்தனர். பூகம்பம் நிகழ்ந்த இரண்டு வாரத்திற்குள், ஜனவரி 30-ஆம் தேதி, அங்கே கொரிய மொழியில் ஒரு சிறு வானொலி பேசத் தொடங்கிற்று. ‘யொபொசெயோ’ என்பது அதன் பெயர். தொலைபேசியை எடுத்ததும் கொரியர் விளிக்கும் சொல் அது. வியட்நாமியருக்கும் அவ்வாறே ஒரு வானொலி எழுந்தது. பின்னர் இரண்டும் ஒன்றாயின. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதை ஏழைத் தொழிலாளி தன் தாய்மொழியிலேயே கேட்டறிந்தான். 1923-ல் எந்த மொழியின் சாயலுக்காக மனிதர் கொல்லப்பட்டனரோ, அந்த மொழியே 1995-ல் ஆறுதல் கூறிற்று.

கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம் இவ்விரு காட்சிகளையும் மறத்தல் ஆகாது. உடைந்த குழாயை மூன்று மாதத்தில் ஒட்டலாம். ஆனால் கேட்டதை நம்புமுன் ஆராயும் பழக்கமும், அயலானை மனிதனாகக் காணும் நெஞ்சமும் ஆபத்து வந்தபின் கட்டத்தக்கன அல்ல; நிலம் அசையாதிருக்கும் நாளிலேயே அவற்றைக் கட்டி முடித்தல் வேண்டும்.